பேக்ஃப்ளோ பிரிவென்டர்: முதலில் கேஜ், அப்புறம் ஸ்பேனர்

பேக்ஃப்ளோ பிரிவென்டர், அதாவது கட்டடத்துத் தண்ணீர் குடிநீர் லைனுக்குத் திரும்பிவிடாமல் தடுக்கும் கருவி, பழுதானால் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. குழாயில் தண்ணீர் நிற்காது, வேகம் குறையாது, நிறம் மாறாது. உள்ளே இருக்கும், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு செக் வால்வுகளும் மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் வழக்கம்போல வந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பும் அந்த ஒரு நாளுக்காகவே மாட்டி வைத்த கருவி அது. அந்த நாளில் மூடுமா மூடாதா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமானால், கேஜ் மாட்டி அழுத்த வித்தியாசத்தை அளந்தே ஆக வேண்டும். இந்தக் கருவியைக் கட்டாயமாக்கிய பல ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை சோதனையையும் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான்.

இந்த வேலையில் அடிக்கடி கண்ணில் படும் தப்பு ஒன்று உண்டு. ரிலீஃப் வால்வு (உள்ளே கசிந்தால் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் வால்வு) சொட்டுகிறது என்று அழைப்பு வரும். வந்தவர் நேராக ஸ்பேனரை எடுத்து ரிலீஃப் வால்வைக் கழற்றி, ரப்பர் கிட்டை மாற்றி, மூடிவிட்டுப் போவார். மறுநாளும் சொட்டும். பெரும்பாலும் அந்தப் பழுது ரிலீஃப் வால்வில் இருந்திருக்காது. அதற்கு முன்னால் உள்ள முதல் செக்கில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கும். எந்த உறுப்பில் கோளாறு என்பதை, ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கேஜ் சொல்லிவிடும். அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஏன் திரும்புகிறது

இரண்டு காரணங்கள். முதலாவது உறிஞ்சல். தெருவில் மெயின் பைப் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி ஹைட்ரண்டிலிருந்து பெருமளவு நீரை இழுத்தாலோ, வீட்டுக்கு வரும் லைனில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடலாம். அந்த நேரம் பார்த்துப் பூச்சிமருந்து கலந்த வாளிக்குள் தோட்டத்து ஹோஸின் முனை மூழ்கியிருந்தால், வாளியில் இருப்பது பைப்புக்குள் ஏறும். இரண்டாவது எதிரழுத்தம். கட்டடத்துக்குள் இருக்கும் பூஸ்டர் பம்ப், பாய்லர், உயரத்தில் உள்ள தொட்டி இவை தரும் அழுத்தம் தெருவின் அழுத்தத்தை மிஞ்சினால் தண்ணீர் வெளியே தள்ளப்படும். தெருவில் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), பூஸ்டருக்குப் பின்னால் 80 பிஎஸ்ஐ என்று இருந்தால், பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும் இடையில் உள்ள செக் வால்வை நம்பித்தான் தெருவே தண்ணீர் குடிக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1969-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 97 பேரில் 90 பேரை ஹெபடைடிஸ் தாக்கியது. அருகில் நடந்த தீயணைப்பு வேலையில் லைன் அழுத்தம் இறங்க, மைதானத்துப் பாசன வால்வுகளைச் சுற்றித் தேங்கியிருந்த அசுத்த நீர் குடிநீர் லைனுக்குள் உறிஞ்சப்பட்டிருந்தது. அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் இரண்டோடு ரத்தாயின. 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் குடிநீர் லைனையும் சுத்திகரித்த கழிவுநீர் லைனையும் இணைத்திருந்த ஒரு வால்வு திறக்கப்பட்டதில் ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். கையால் திறந்து மூடும் வால்வு ஒன்று நடுவில் இருக்கிறது என்பதைப் பாதுகாப்பாக யாராவது சொன்னால், இந்த நிகழ்வைச் சொல்லிப் புரியவைக்கலாம்.

எந்த இடத்துக்கு எது

எல்லாவற்றிலும் நம்பகமானது வெறும் காற்று இடைவெளிதான். குழாய் முனைக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே, குழாய் விட்டத்தின் இரு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட்டால் போதும். அதில் அசையும் உறுப்பே இல்லை. ஆனால் அங்கே லைன் அழுத்தம் முழுக்க இழக்கப்படும் என்பதால் எல்லா இடத்திலும் முடியாது.

தோட்டத்து ஹோஸ் குழாய்க்கு, உறிஞ்சல் வந்தால் காற்றை உள்ளே விட்டு அதை முறிக்கும், திருகி மாட்டும் சின்ன வேக்கம் பிரேக்கர் போதும். பாசன லைன்களுக்கு ஏவிபி (அட்மாஸ்பெரிக் வேக்கம் பிரேக்கர்), பிவிபி (பிரஷர் வேக்கம் பிரேக்கர்) என்ற இரண்டு வகை. ஏவிபி-க்குப் பின்னால் எந்த வால்வும் வைக்கக்கூடாது; 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் அது அழுத்தத்தில் இருக்கக்கூடாது; மிக உயரமான ஸ்பிரிங்க்ளர் முனையைவிட 15 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். பிவிபி தொடர் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் 30 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இரண்டுமே உறிஞ்சலை மட்டும் தடுப்பவை, எதிரழுத்தத்துக்கு உதவாதவை. பாசன லைனில் பின்னால் யாராவது ஒரு பம்ப் சேர்த்துவிட்டாலோ, தோட்டத்தின் மேட்டுப் பகுதிக்குப் புதிதாக ஒரு லைன் இழுத்துவிட்டாலோ, சோதனையில் பாஸான பிவிபியும் அந்த இடத்துக்குத் தகுதியற்றதாகிவிடும். சோதிக்கப் போகிறவர் முதலில் தோட்டத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.

டபுள் செக்கில் வரிசையாக இரண்டு செக் வால்வுகள் இருக்கும். இரண்டு வகைத் திரும்பலையும் தடுக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத மாசுக்கு மட்டும். ரசாயனம், கழிவுநீர், மருத்துவமனை, பிணவறை, உரம் கலக்கும் பாசன லைன் என்றால் ஆர்பி (ரெட்யூஸ்டு பிரஷர், அதாவது குறைந்த அழுத்த) வகை தேவை. விலையும் பராமரிப்பும் கூடுதல், அழுத்த இழப்பும் 10 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் வரும். அழுத்தம் ஏற்கெனவே குறைவாக உள்ள கட்டடத்தில் இதைக் கணக்கில் எடுக்காமல் மாட்டினால் மேல்தளத்தில் ஷவர் வராது. பழி கருவியின் மேல் விழும்.

ஆர்பியின் உள்ளே நடப்பது

ஆர்பியில் இரண்டு செக் வால்வுகள், அவற்றின் நடுவே ஓர் அறை, அந்த அறையின் அடியில் ரிலீஃப் வால்வு. தண்ணீர் வரும் முனையில் இன்லெட் வால்வு, போகும் முனையில் அவுட்லெட் வால்வு. சோதிக்க டெஸ்ட் காக்குகள் என்ற நான்கு சின்னத் திருகுகுழாய்கள்: 1-ஆம் காக் இன்லெட் வால்வுக்கு முன்னால், 2-ஆம் காக் முதல் செக்குக்கு முன்னால், 3-ஆம் காக் நடு அறையில், 4-ஆம் காக் இரண்டாம் செக்குக்குப் பின்னால்.

எண்களை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். உள்ளே வரும் அழுத்தம் 60 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். முதல் செக்கின் ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐ எடுத்துக்கொள்கிறது. நடு அறையில் 53. இரண்டாம் செக் 2 எடுக்கிறது, வெளியே 51. நடு அறை எப்போதும் உள்வரும் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும், இந்த வகையின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். முதல் செக் கசிந்தாலும், இரண்டாம் செக் எதிரழுத்தத்தில் கசிந்தாலும், நடு அறையின் அழுத்தம் ஏறும். அது 57-ஐத் தொடும்போது, அதாவது வித்தியாசம் 3-க்கு இறங்கும்போது, ரிலீஃப் திறந்து தண்ணீரைத் தரையில் கொட்டும். எந்த ஆர்பியிலும் வித்தியாசம் 2 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்குவதற்குள் ரிலீஃப் திறந்தாக வேண்டும். தெருவில் அழுத்தம் பூஜ்யமானால் ரிலீஃப் முழுக்கத் திறந்து நடு அறை காலியாகி, அங்கே ஒரு காற்று இடைவெளியே உருவாகிவிடும்.

இதைப் புரிந்துகொண்டவர் ரிலீஃப் வாயை ஒருபோதும் அடைக்க மாட்டார். அடைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம்: மரக்கட்டை, துணி, திருகிப் பொருத்திய எண்ட் கேப். அதேபோல ரிலீஃபின் வாயிலிருந்து நேரடியாகச் சாக்கடைக்குப் பைப் இழுப்பதும் தப்பு. சாக்கடை நிறைந்தால் கழிவுநீர் நேராக நடு அறைக்கு வந்துவிடும். புனல் வைத்து, இடையில் காற்று இடைவெளி விட்டுத்தான் வடிகாலுக்கு விட வேண்டும். ஆர்பியைக் குழிக்குள் மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான். குழியில் தண்ணீர் நிறைந்தால் ரிலீஃப் அதற்குள் மூழ்கிவிடும். தரையிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரம் வேண்டும்.

கேஜை மாட்டுவதற்கு முன்

தண்ணீர் நிற்கப்போகிறது என்று கட்டடத்தில் உள்ளவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே அவுட்லெட் வால்வைத் தொட வேண்டும். டயாலிசிஸ் மெஷின், தண்ணீரால் குளிரூட்டும் கம்ப்ரசர், ஓடிக்கொண்டிருக்கும் பாய்லர் போன்றவை அந்த லைனில் இருந்தால், சில நிமிட நிறுத்தமே பெரிய சேதத்தைத் தரும். தண்ணீர் நிற்கவே கூடாத இடங்களில் இரண்டு கருவிகளை இணையாக மாட்டியிருக்க வேண்டும். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றொன்று ஓடும். கருவியே இல்லாத வெறும் பைபாஸ் லைன் அந்த இடத்தில் இருந்தால், அதை முதல் குறையாக ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் லைனாக இருந்தால் அலாரத்தைக் கண்காணிப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்று இன்னொருவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பாதி மூடிய வால்வோடு ஒரு தீ லைனை விட்டுவிட்டு வருவது, பேக்ஃப்ளோவைவிடப் பெரிய ஆபத்து.

பிறகு கேஜ். 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை வித்தியாசத்தைக் காட்டும் கேஜ் இது. பிழை 0.2 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஆக வேண்டும். 1 பிஎஸ்ஐயைக் கோட்டாக வைத்துப் பாஸ், ஃபெயில் தீர்மானிக்கும் வேலையில் கேஜ் அரை பிஎஸ்ஐ தப்பினால் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லை. மறுசுழற்சி நீர் லைனில் பயன்படுத்திய கேஜையும் ஹோஸையும் குடிநீர் லைனில் மாட்டவே கூடாது. அதற்குத் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் காக்குகளை முதலில் கழுவிவிட வேண்டும். அதில் மண்ணும் சிலந்தி வலையும் பூச்சிக் கூடும் இருக்கும். கழுவாமல் ஹோஸ் மாட்டினால் அத்தனையும் கேஜுக்குள் போகும். ஆர்பியில் இதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் 4-ஆம் காக்கைத் திறந்து ஓட விடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 3-ஆம் காக்கை மெல்லத் திறந்து மூடுங்கள், பிறகு 2-ஆம் காக்கை. கடைசியில் 4-ஐ மூடுங்கள். 4 திறந்திருப்பதால் தண்ணீர் ஓட்டத்தில் இருக்கும். 2-ஐத் திறக்கும்போது ரிலீஃப் பொளேரென்று கொட்டாது. அவசரத்தில் 2-ஐ முதலில் திறந்தவர்கள் நனைந்திருப்பார்கள். அதைவிட, அந்த அதிர்ச்சியில் ரிலீஃபின் ரப்பர் அமர்ந்து மூடும் சீட்டில் ஏதாவது துகள் போய் உட்கார்ந்து, நன்றாக இருந்த கருவியைப் பழுதாக்கியிருக்கும்.

ஆர்பி சோதனை, படிப்படியாக

கேஜின் ஹை (அழுத்தம் கூடிய பக்கத்து) ஹோஸ் 2-ஆம் காக்கில், லோ (குறைந்த பக்கத்து) ஹோஸ் 3-ஆம் காக்கில். 3-ஐ மெல்லத் திறந்து, லோ பக்கத்து ப்ளீட் வால்வு வழியாகக் காற்று முழுதும் வெளியேறும்வரை ஓட விடுங்கள். அந்த ப்ளீட் திறந்திருக்கும்போதே 2-ஐத் திறந்து ஹை பக்கத்துக் காற்றையும் வெளியேற்றுங்கள். ஹை ப்ளீடை மூடி, அவுட்லெட் வால்வை மூடுங்கள். ஊசி மேல் எல்லைக்குப் போனதும் லோ ப்ளீடை மெதுவாக மூடுங்கள். ஊசி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் முதல் செக்கின் முதற்கட்ட ரீடிங். 5-க்கு மேல், பெரும்பாலும் 6, 7, 8 என்று இருக்கும். நிற்காமல் இறங்கி, ரிலீஃப் தொடர்ந்து கொட்ட ஆரம்பித்தால் முதல் செக் கசிகிறது. சோதனை அங்கேயே முடிந்தது. மேற்கொண்டு ரீடிங் எடுப்பதில் பயனில்லை.

ஊசி நின்றால் அடுத்தது ரிலீஃப். கேஜில் உள்ள ஹை கண்ட்ரோல் வால்வை ஒரு சுற்றுத் திறந்து, லோ கண்ட்ரோல் வால்வை மிக மெல்ல, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திறக்க வேண்டும். இப்போது உள்வரும் அழுத்தம் கேஜ் வழியாக நடு அறைக்குள் சிறிது சிறிதாகப் போகிறது, வித்தியாசம் குறைகிறது. ஒரு கையை ரிலீஃப் வாய்க்குக் கீழே வையுங்கள். விரலில் முதல் துளி பட்ட அந்தக் கணத்தில் ஊசி எங்கே இருந்ததோ, அதுவே ரிலீஃப் திறக்கும் அழுத்தம். ஓட்டம் தொடங்கிய பிறகு கேஜைத் திரும்பிப் பார்த்து எழுதும் எண் கட்டாயம் தப்பாகத்தான் இருக்கும். லோ கண்ட்ரோலை வேகமாகத் திறந்தாலும் ஊசி சரசரவென்று இறங்கி, 2.6-இல் திறந்த ரிலீஃபை 1.8 என்று எழுத வைக்கும். நன்றாக உள்ள கருவி ஃபெயில் ஆவது பல நேரம் இந்தக் கால் சுற்றில்தான். சந்தேகமாக இருந்தால் லோ ப்ளீடைத் திறந்து ஊசியை மேலேற்றி மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும்.

அடுத்து இரண்டாம் செக். கேஜின் மூன்றாவது (பைபாஸ்) ஹோஸில் காற்றை வெளியேற்றி 4-ஆம் காக்கில் மாட்டி, காக்கையும் பைபாஸ் கண்ட்ரோலையும் திறங்கள். உள்வரும் அழுத்தம் இப்போது இரண்டாம் செக்கின் பின்புறத்தில் தள்ளுகிறது. லோ ப்ளீடால் ஊசியை முதல் ரீடிங்குக்கு மேலே ஏற்றி, மெல்ல மூடி, காத்திருங்கள். ஊசி ரிலீஃப் திறக்கும் எண்ணுக்கு மேலேயே நின்றால் இரண்டாம் செக் நன்றாக மூடுகிறது. இறங்கிக்கொண்டே போய் ரிலீஃப் கொட்டினால் அது கசிகிறது. ஊசி நின்ற இடத்தில் தெரியும் எண்தான் முதல் செக்கின் உண்மையான ரீடிங்; முன்பு பார்த்ததைவிட இதைத்தான் எழுத வேண்டும். இந்த எண் ரிலீஃப் திறக்கும் எண்ணைவிடக் குறைந்தது 3 பிஎஸ்ஐ அதிகமாக இருப்பது நல்லது. அந்த இடைவெளி குறைந்தால், தெரு அழுத்தம் சற்று ஆடும்போதெல்லாம் ரிலீஃப் துப்பும்.

இதே நிலையில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். பலர் இதைத் தவிர்க்கிறார்கள். 2-ஆம் காக்கை மூடுங்கள். ஊசி அசையாமல் நின்றால் அவுட்லெட் வால்வு முழுக்க மூடியிருக்கிறது. பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் அவுட்லெட் வால்வு கசிகிறது. அப்படிக் கசியும்போது கருவிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் உள்ள செக் வால்வு, மூடும் தன்மை இல்லாவிட்டாலும், நல்ல ரீடிங் காட்டக்கூடும். ஆகவே அவுட்லெட் வால்வு கசியும் நிலையில் எழுதிய பாஸ் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. பழைய கேட் வால்வுகளில் இது சகஜம். பல தடவை திறந்து மூடி அடியில் உள்ள மண்ணைக் கழுவிப் பார்க்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றிய பிறகுதான் சோதனை.

கடைசியாக ஹை ஹோஸை 3-க்கும், லோ ஹோஸை 4-க்கும் மாற்றி, இரண்டாம் செக் தண்ணீர் போகும் திசையில் 1 பிஎஸ்ஐயாவது தாங்குகிறதா என்று பாருங்கள்.

டபுள் செக்கும் பிவிபியும்

டபுள் செக்கில் ரிலீஃப் கிடையாது. அதனால் கசிவு வெளியே தெரியவே தெரியாது. 2-ஆம் காக்கில் ஹை ஹோஸ், 3-ஆம் காக்கில் நிமிர்ந்த ஒரு சிறு கண்ணாடிக் குழாயோ எல்போவோ. நீர் நிரப்பி, அவுட்லெட்டை மூடி, பிறகு இன்லெட்டை மூடி, 3-ஐத் திறங்கள். வழியும் நீர் நின்றதும் கேஜ் 1 பிஎஸ்ஐயோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். இரண்டாம் செக்குக்கு ஹோஸ் 3-இல், குழாய் 4-இல். இங்கே கேஜை நீர் மட்டத்துக்குச் சமமான உயரத்தில் பிடிக்க வேண்டும். 70 சென்டிமீட்டர் நீர்மட்டம் என்பது 1 பிஎஸ்ஐ. கேஜைத் தரையில் வைத்துவிட்டுச் சோதித்தால், உயர வித்தியாசமே ஒரு செத்துப்போன செக்கைப் பாஸாக்கிவிடும்.

பிவிபியில் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, 2-ஆம் காக்கில் ஹோஸ் மாட்டி, இரு வால்வுகளையும் மூடி, அழுத்தத்தை மெல்லக் குறைத்து வாருங்கள். காற்று வால்வு 1 பிஎஸ்ஐக்குக் குறையாத அழுத்தத்தில் திறக்க வேண்டும். பிறகு நீர் முழுதும் வடிந்த நிலையில் அது முழுக்கத் திறக்கிறதா என்றும் பாருங்கள். சில பழைய கருவிகளில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, பாதி திறந்து நிற்கும். செக்குக்கு 1-ஆம் காக்கில் ஹோஸ் மாட்டி, 2-ஐத் திறந்து அதே 1 பிஎஸ்ஐ கணக்கு.

சொட்டும் ரிலீஃப்: கழற்றாமல் கண்டுபிடிப்பது

கேஜ் கைவசம் இல்லாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ரிலீஃப் தொடர்ந்து கொட்டுகிறது என்றால் முதலில் அவுட்லெட் வால்வை மூடுங்கள். கொட்டுவது நின்றுவிட்டால், பின்னாலிருந்து எதிரழுத்தம் வருகிறது, இரண்டாம் செக்கும் கசிகிறது. நிற்கவில்லையா? 4-ஆம் காக்கை நன்றாகத் திறந்து, ரிலீஃபில் கொட்டுவதைவிட அதிக ஓட்டம் உண்டாக்குங்கள். இப்போது ரிலீஃப் நின்றால் முதல் செக்கில் பழுது. அப்போதும் கொட்டினால் மட்டுமே ரிலீஃப் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்: சீட்டில் துகள், கிழிந்த டயாஃப்ரம் (வளைந்து கொடுக்கும் ரப்பர் தகடு), அல்லது உள்வரும் அழுத்தத்தை ரிலீஃபுக்குக் கொண்டுபோகும் சின்னத் துளையில் அடைப்பு.

எப்போதாவது ஒரு முறை துப்பிவிட்டு நிற்பது வேறு விஷயம். பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்குவது, வேகமாக மூடும் சோலனாய்டு வால்வு, தண்ணீர் சுத்தியல் (ஓட்டம் திடீரென நிற்கும்போது குழாயில் எழும் அழுத்த அதிர்ச்சி) இவற்றால் உள்வரும் அழுத்தம் ஒரு கணம் விழும். நடு அறை அப்படியே இருக்கும். வித்தியாசம் குறைந்து ரிலீஃப் துப்பும். கருவியில் பழுதில்லை. அதிர்வின் மூலத்தைப் பிடிக்க வேண்டும். கருவிக்கு முன்னால் கூடுதலாக ஒரு தனிச் செக் வால்வு வைப்பதும் சில இடங்களில் நிறுத்தும்.

திறந்த பிறகு

அவுட்லெட், இன்லெட் வால்வுகளை மூடி, 2, 3, 4 காக்குகள் மூன்றையும் திறந்து அழுத்தத்தை வடித்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். உள்ளே அழுத்திய நிலையில் ஸ்பிரிங் இருக்கிறது. சில மாடல்களில் அது கூண்டுக்குள் பூட்டியிருக்கும், சிலவற்றில் மூடியே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூடி மேலெழும்பினால் ஸ்பிரிங் தள்ளுகிறது என்று பொருள், கையேட்டைப் பாருங்கள். 4 அங்குலத்துக்கு மேற்பட்ட கருவியில் இந்த ஸ்பிரிங் விரலை உடைக்கும்.

கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் டிஸ்க்கின் முகம். சீட் அழுந்திய மெல்லிய வட்டத் தடம் இருப்பது இயல்பு. அந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு கீறல், ஓரிடத்தில் மட்டும் ஆழமான குழி, பதிந்து கிடக்கும் செம்புச் சுருள், டெஃப்லான் டேப்பின் நூல், ஈயத் துளி இவைதான் வழக்கமான குற்றவாளிகள். புதிதாக மாட்டிய கருவி முதல் வாரத்திலேயே ஃபெயில் ஆனால், பைப் போட்டவர்கள் லைனை ஃப்ளஷ் செய்யாமலேயே கருவியை இணைத்துவிட்டார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சீட்டை நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நெளிவு நகத்தில் தட்டும். சீட்டில் வெட்டு இருந்தால் புது ரப்பர் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி கசியும், சீட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கைத் திருப்பிப் போடுவது கிட் வரும்வரை சமாளிப்பதற்கு மட்டும்.

குளோரமின் என்ற கிருமிநாசினி சேர்த்த நீர் ஓடும் லைனில் சில வகை ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, கையில் கறுப்பாக ஒட்டும். அதே ரப்பரைத் திரும்பப் போடாமல், அந்த நீருக்கு ஏற்ற பொருளில் செய்த கிட் கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். ஓ-ரிங்குகளுக்கும் டயாஃப்ரத்துக்கும் குடிநீருக்கு அனுமதித்த சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் ஒரு மெல்லிய பூச்சு. பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை வீங்க வைக்கும், குடிநீரிலும் கலக்கும். உறுப்புகளை மண்ணில் வைக்காமல் சுத்தமான துணியில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குங்கள். முதல் செக்கின் ஸ்பிரிங்கும் இரண்டாம் செக்கின் ஸ்பிரிங்கும் பார்க்க ஒன்று போலவே இருக்கும் மாடல்கள் உண்டு. வலுவானது முதல் செக்குக்குரியது. மாற்றிப் போட்டால் ரிலீஃப் நிற்கவே நிற்காது.

மூடியபின் 4-ஆம் காக்கைத் திறந்து வைத்து, இன்லெட்டை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். தொடக்கத்தில் ரிலீஃப் கொஞ்சம் கொட்டும்; வித்தியாசம் உருவானதும் மூடிக்கொள்ளும். 4-ஐ மூடி, அவுட்லெட்டைக் கடைசியில் மெதுவாகத் திறங்கள். பழுது பார்த்தது ஒரே ஒரு செக்தான் என்றாலும் சோதனையை முதலிலிருந்து முழுக்கச் செய்ய வேண்டும், ஏனென்றால் மூன்று எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை.

மாட்டிய பிறகு வரும் இரண்டு தொல்லைகள்

முன்பு சுடுநீர் ஹீட்டரில் விரிவடைந்த தண்ணீர் சத்தமில்லாமல் தெரு லைனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கருவி மாட்டியதும் அந்த வழி அடைபடும். ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் உள் அழுத்தம் ஏறும், ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டும், குழாய்களின் வாஷர் சீக்கிரம் போகும். வீட்டுக்காரர் ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார். விரிவடையும் தண்ணீருக்கு இடம் தரும் ஒரு எக்ஸ்பான்ஷன் டேங்க் மாட்டினால் தீர்ந்துவிடும். கருவி மாட்டும் அன்றே அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

மற்றொன்று உறைபனி. குளிர்நாடுகளில் பிவிபி-யின் மேல்மூடியும், உள்ளே ஏறி இறங்கும் மூடியான பாப்பெட்டும் பிளப்பது பனிக்காலத்தின் முதல் இரவிலேயே நடக்கும். தண்ணீரை நிறுத்தி, வடித்து, இரண்டு பால் வால்வுகளையும் காக்குகளையும் 45 டிகிரிக்குப் பாதி திறந்து வையுங்கள். முழுக்க மூடிய பால் வால்வின் உருண்டைக்குள் சிக்கிய நீரே உடலைப் பிளந்துவிடும்.

ரிப்போர்ட்டில் கேட்க வேண்டியவை

வீட்டுக்காரராகவோ கட்டட மேலாளராகவோ இருந்தால், பாஸ் என்ற ஒரு சொல் மட்டும் எழுதிய தாளை வாங்காதீர்கள். கருவியின் வகை, அளவு, மாடல், சீரியல் எண், மாட்டியிருக்கும் இடம், சோதனைக்கு முன் லைன் அழுத்தம், முதல் செக், இரண்டாம் செக், ரிலீஃப் என்று ஒவ்வொன்றின் எண், அவுட்லெட் வால்வு மூடியதா என்ற குறிப்பு, கேஜின் சீரியல் எண்ணும் கடைசி கேலிபரேஷன் தேதியும் இருக்க வேண்டும். பழுது பார்த்திருந்தால் பழுதுக்கு முந்தைய எண்களும் பிந்தைய எண்களும் தனித்தனியாக.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் செக் ஒரு வருடம் 7.8, அடுத்த வருடம் 6.9, அதற்கடுத்து 5.6 என்று இறங்கிக்கொண்டு வந்தால், மூன்றுமே பாஸ்தான். ஆனால் அடுத்த சோதனைக்குள் ரிலீஃப் துப்ப ஆரம்பிக்கும். அந்த மூன்றாவது தாளைப் பார்த்ததுமே கருவியின் மாடலுக்குரிய முதல் செக் கிட்டை வரவழைத்து வைத்து, தண்ணீரை நிறுத்த வசதியான ஒரு நாளைப் பார்த்து மாற்றிவிடலாம்.